சீசன் ரோட்டைக் குழியாக்குவது கார் கூட்டமா, லாரி டயரா?

சாரல் தொடங்கினால் போதும், குற்றாலத்துக்கு வண்டிகள் வரிசை கட்டும். கேரளாவிலிருந்து வருபவர்கள் ஆரியங்காவு, புளியரை, செங்கோட்டை வழியாக இறங்குகிறார்கள். அதே ரோட்டில்தான் எம்-சாண்ட், ஜல்லி ஏற்றிய டிப்பர்கள் கேரளாவுக்கு ஏறுகின்றன. ரோடு குழியானால் "சீசன் கூட்டம்" என்று சொல்லிவிடுகிறோம். கணக்கு வேற மாதிரி இருக்கு.

ரோட்டைப் பொறுத்தவரை, ஒரு ஆக்ஸிலில் எவ்வளவு எடை இறங்குது என்பதுதான் முக்கியம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில், சோதனைக்கென்றே ரோடு போட்டு லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அதில் கிடைத்த முடிவு: ஆக்ஸில் எடை 2 மடங்கானால் சேதம் சுமார் 16 மடங்கு.

1.2 டன் காரில் ஒரு ஆக்ஸிலுக்கு 600 கிலோ. நான்கு டயர் உள்ள லாரி ஆக்ஸிலுக்கு அரசு அனுமதிப்பது 11.5 டன். அந்த ஆக்ஸில் ஒருமுறை கடந்தால், கார் ஆக்ஸில் 1.3 லட்சம் தடவை கடந்ததற்குச் சமம்! 2018 வரை இந்த வரம்பு 10.2 டன்தான். 1.3 டன் தானே கூடியது என்று தோன்றும்; சேதமோ 60 சதவீதம் கூடுது. இதெல்லாம் சட்டப்படி ஏற்றும் லோடு. 15 டன் இறங்கினால், 11.5 டன்னைவிடக் கிட்டத்தட்ட 3 மடங்கு சேதம்.

அடுத்தது காற்று. ஓவர்லோடில் டயர் நசுங்கி சூடேறி வெடிக்காமல் இருக்க, காற்றைக் கூட்டி அடிக்கிறார்கள். நம்ம ஊர் தார் ரோடுகளை வடிவமைக்கும்போது டயர் அழுத்தம் சுமார் 80 பிஎஸ்ஐ என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். 2 டன் தாங்கும் டயர் அந்த அழுத்தத்தில் தோராயமாக 3 போஸ்ட் கார்டு அளவு இடத்தில் ரோட்டைத் தொடும். 120 பிஎஸ்ஐ அடித்தால் அது 2 போஸ்ட் கார்டாகச் சுருங்கும். அதே எடை, சின்ன இடம். அடி மண்ணை வாட்டுவது எடை என்றால், மேல் தாரை வாட்டுவது இந்த அழுத்தம். ஏற்றத்தில் லாரி ஊர்ந்து போகும்போது டயர் ஒரே இடத்தை அதிக நேரம் அழுத்துவதால், வெயிலில் இளகிய தார் பள்ளம் வாங்குது.

சாரல் இதுக்கு அப்புறம்தான் வருது. விரிசலில் இறங்கிய தண்ணீரை ஒவ்வொரு டயரும் பம்ப் மாதிரி அழுத்த, ஜல்லி பெயர்ந்து குழியாகிறது. மழை குழியைக் காட்டிக்கொடுக்குது, அவ்வளவுதான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம். கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். மிச்ச சரக்கை இறக்காமல் வண்டி நகரக் கூடாது. இறக்கும் செலவும் லாரித் தரப்போடதுதான்.