ஓட்டல் யாத்திரை

காசி யாத்திரை போய் வந்தவர்கள் தமக்குப் பிடித்த காய் ஒன்றையும் பழம் ஒன்றையும் விட்டுவிட வேண்டும் என்பது நம் நாட்டு வழக்கம். நாம் இங்கே சொல்லப் புகுந்த யாத்திரையில் விட வேண்டியது எதுவும் இல்லை. வயிற்றுக்குள் போட வேண்டியதுதான் உண்டு. ஆகையால், நேயர்கள் அச்சமின்றி நம்முடன் புறப்படலாம்.

யாத்திரை ஆரம்பமானது ஒரு சனிக்கிழமை மாலையில். அடுப்பில் எரிவாயு தீர்ந்துவிட்டது. அதைக் கண்டு நமது சகதர்மிணி கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"மாதத்தில் ஒரு நாளாவது அடுப்புக்கு ஓய்வு வேண்டாமா?" என்றாள்.

"அடுப்புக்கு எதற்கு ஓய்வு?" என்று கேட்டோம்.

"எனக்கு ஓய்வு வேண்டும் என்றால் உங்கள் காதில் விழாது. அதனால்தான் அடுப்புக்காகப் பேசுகிறேன்."

இதற்குப் பதில் சொல்ல எந்தச் சாஸ்திரத்திலும் இடமில்லை. அன்று முதல் மாதம் ஒரு முறை ஓட்டலுக்குப் போவதென்று தீர்மானம் நிறைவேறிற்று. அதற்கான விதிகளையும் அவளே வகுத்தாள். போன இடத்துக்கு மறுபடி போகக் கூடாது. பஸ்ஸில் போக வேண்டும், அல்லது நடக்க வேண்டும். மூன்றாவது விதி நமக்கென்றே செய்யப்பட்டது: 'எங்கள் அம்மா கையால் சாப்பிட்டால் இது கிட்ட நிற்குமா?' என்ற வாக்கியத்தை ஓட்டலுக்குள் உச்சரிக்கவே கூடாது.

முதலில் திருவல்லிக்கேணிக்குச் சென்றோம். அங்கே 1948-இல் தோன்றிய ரத்னா கபேயில் இட்லி சாப்பிடுவது ஒரு தனிக் கலை. தட்டில் இரண்டு இட்லி வைத்து, சாம்பாரை ஊற்று ஊற்றென்று ஊற்றிவிடுகிறார்கள். இட்லிகள் ஆடிப் பெருக்கில் அகப்பட்ட மணல் மேடுகளைப்போல் தலையை மட்டும் காட்டிக்கொண்டிருக்கின்றன. சாம்பார் குறைந்ததும் சர்வர் மீண்டும் வருகிறார், மறுபடியும் வெள்ளம்!

இந்த ஓட்டலை ஆரம்பித்தது ஒரு வடநாட்டுக் குடும்பம் என்று சொன்னபோது நமது சகதர்மிணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"சாம்பாரை நமக்கு வடக்கத்தியாரா கற்றுக் கொடுத்தார்கள்?"

"அதில் என்ன ஆச்சரியம்? இட்லிக்கும் பழைய சாட்சி கன்னடத்தில் அல்லவா இருக்கிறது? பத்தாம் நூற்றாண்டில் எழுந்த வட்டாராதனை என்ற நூலில் 'இட்டலிகே' வருகிறதே!"

"அப்படியானால் தேச ஒற்றுமைக்கு மகாநாடு கூட்டுவானேன்? ஆளுக்கு இரண்டு இட்லி கொடுத்தால் போதாதா?" என்று சொல்லிவிட்டு மீண்டும் கரண்டியை எடுத்தாள்.

அடுத்த மாதம் உட்லண்ட்ஸின் ஞாபகம் வந்தது. சிறு வயதில் சமையற்கட்டில் எடுபிடி வேலை செய்து வளர்ந்த உடுப்பிச் சீமைக்காரர் கே. கிருஷ்ணராவ், 1938-இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். கதீட்ரல் சாலையில் மர நிழலில் காரை நிறுத்திக்கொண்டு, உள்ளே இருந்தபடியே தோசை தின்னும் 'டிரைவ்-இன்' 1962-இல் வந்தது. கார் இல்லாதவர்களுக்கும் அங்கே தோசை உண்டு. கல்யாணமான புதிதில் நாமிருவரும் ஒரு மசால் தோசையை இரண்டாகப் பங்கிட்டுக்கொண்டது அந்த மரங்களின் அடியில்தான். 2008-இல் அதை மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் 2010-இல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. பூங்காவுக்குப் போய், வறுத்த வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டு பழைய தோசையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினோம். அந்த மாதக் கணக்கில் செலவு மிகவும் குறைவு.

அன்று பஸ்ஸுக்காகக் காத்திருக்கையில் சகதர்மிணி திடீரென்று கேட்டாள்: "நம் பாட்டிமார்கள் இப்படி ஓட்டலுக்குப் போய் உட்கார்ந்திருப்பார்களா?"

யோசித்துப் பார்த்தால், போயிருக்க மாட்டார்கள்தான். அக்காலத்தில் காபி கிளப் என்பது பெரும்பாலும் ஆண்களின் ராஜ்யம். பெண்கள் வந்தால் திரை போட்ட தனி அறைக்குள் அனுப்பிவிடுவார்கள். அதையும்விடப் பெரிய திரை ஒன்று இருந்தது; அது சாதித் திரை. பல கிளப்புகளில் பிராமணர் உட்காரும் இடம் வேறு, மற்றவர் உட்காரும் இடம் வேறு. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில்கூட 1941 வரையில் இந்தப் பிரிவினை நடந்து வந்தது. 'தீண்டாதார்' என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கோ எந்தப் பக்கத்திலும் இடமில்லை. ஒரே வண்டியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தவர்கள், இறங்கியதும் காபிக்காகப் பிரிந்து போனார்கள்!

சுதந்திரப் போராட்டத்தின் நடுவிலும் இந்தச் சோற்றுச் சண்டை புகுந்தது. வ. வே. சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்துக்குக் காங்கிரஸ் பண உதவி செய்திருந்தது. அங்கே பிராமண மாணவர் இருவருக்கு மட்டும் தனியே உணவு பரிமாறப்பட்டது என்பது தெரியவந்ததும், 1924-25-இல் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் எதிர்த்து நின்றார்கள். தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றிய விவாதங்களுள் அது ஒன்று. பின்னர் 1957-இல் பெரியார், திருவல்லிக்கேணி ஓட்டல் ஒன்றின் பெயர்ப் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கும்படி மாதக் கணக்கில் மறியல் நடத்தினார். பலர் சிறை சென்றனர். மறு வருஷம் பலகை மாறிற்று.

இவற்றையெல்லாம் விவரமாகச் சொல்லி முடித்தோம். "1950 ஜனவரி 26-ஆம் தேதி அமலுக்கு வந்த நமது அரசியல் சட்டத்தில், பதினைந்தாவது பிரிவைப் பார். சாதி காரணமாக எவரையும் ஓட்டலுக்குள் வரக் கூடாதென்று தடுக்க முடியாது. 1955-இல் அதற்குத் தண்டனைச் சட்டமும் செய்தாகிவிட்டது. ஆகவே, இந்தக் கதை முடிந்துவிட்டது" என்று பெருமிதத்துடன் கூறினோம்.

"முடிந்திருந்தால் சந்தோஷந்தான்" என்றாள் அவள்.

அதற்கடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்காகச் செங்கற்பட்டுக்கு அப்பால் ஒரு சிற்றூருக்குப் போயிருந்தோம். முகூர்த்தத்துக்கு நேரமிருந்ததால் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த சிறிய ஓட்டலில் நுழைந்தோம். காலை ஏழு மணி. மேசைகளில் பாதி காலி. 'அனைவரும் வருக' என்று கல்லாவுக்குப் பின்னால் அழகாக எழுதி வைத்திருந்தார்கள்.

வாசற்படிக்குக் கீழே வயதான ஸ்திரீ ஒருத்தி தெரு பெருக்கும் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தூக்குப் பாத்திரத்துடன் நின்றாள். சர்வர் வெளியே வந்து காசை வாங்கிக்கொண்டு, இலையில் கட்டிய இட்லியைக் கொடுத்துத் தூக்கில் சாம்பாரை ஊற்றினார். அவள் சற்றுத் தள்ளிப் போய், மூடிக்கிடந்த கடையொன்றின் படியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள்.

சகதர்மிணி எழுந்து போய், "ஏம்மா, உள்ளே உட்கார்ந்து சாப்பிடக் கூடாதா?" என்று கேட்டாள்.

"யாரும் வேணாம்னு சொல்லலைம்மா. நாங்க உள்ளே போய் உக்கார்றது வழக்கமில்லே."

கல்லாவில் இருந்தவர் நல்ல மனிதராகவே காணப்பட்டார். "நாங்கள் யாரையும் தடுப்பதில்லை அம்மா. போர்டே வைத்திருக்கிறோம், பாருங்கள்" என்றார்.

"தடுக்கவில்லை, சரி. ஒரு நாளாவது உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டீர்களா?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாமும் ஒன்றும் சொல்லவில்லை. பதினைந்தாவது பிரிவு அப்போது நமக்கு ஞாபகம் வரவில்லை.

அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அந்தப் படியில், கிழவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டுப் புடவை புழுதியாகிறதே என்று கிழவிதான் பதறினாள். நாமும் தட்டுடன் பின்தொடர்ந்தோம். சிறிது நேரத்தில் சர்வர் மூன்று எவர்சில்வர் டம்ளர்களில் காபி கொண்டுவந்து வைத்தார். மூன்றும் ஒரே மாதிரியான டம்ளர்கள். "அடுத்த மாதம் வருகிறேன், இருவரும் உள்ளே உட்கார்ந்து சாப்பிடலாம்" என்று சொல்லி எழுந்தாள் சகதர்மிணி. கல்லாக்காரருக்கும் காதில் விழும்படியாகவே அதைச் சொன்னாள்.

இந்த யாத்திரையில் விட வேண்டியது எதுவும் இல்லை என்று ஆரம்பத்தில் எழுதினோம். அது பிசகு. சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. படியேற விடாமல் நிறுத்துவது வழக்கம். அந்த வழக்கத்தை விட வேண்டியது படிக்குக் கீழே நிற்பவர்கள் மட்டும் அல்ல. உள்ளே உட்கார்ந்து, காலியான நாற்காலியைக் கண்டும் காணாதவர்களாய்க் காபி குடிக்கிற நம்மைப் போன்றவர்கள்தான் முதலில் விட வேண்டும். இன்னும் சில கிராமத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்திருப்பதாகச் செய்தி வரும்போது, அது எங்கோ நடப்பதென்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். நாம் சாப்பிடும் ஓட்டலின் வாசற்படியை எட்டிப் பார்ப்பதில்லை.

போன இடத்துக்கு மறுபடி போகக் கூடாது என்ற விதியை, அதை வகுத்தவளே உடைத்தாள். அடுத்த மாதம் அதே ஊருக்குப் போனோம். கிழவி படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். இம்முறை கல்லாக்காரரே எழுந்து, "வாங்கம்மா, உள்ளே வாங்க" என்றார். அவள் தயங்கித் தயங்கி ஏறி, கதவோரத்து நாற்காலியின் நுனியில், முதுகு சாயாமல் உட்கார்ந்தாள். ஒரு வாய் இட்லியைச் சாம்பாரில் தோய்த்து உண்டதும் முகத்தைச் சுளித்தாள்.

"உப்பே இல்லியே!" என்றாள், உரத்த குரலில்.

சர்வர் ஓடிப் போய் உப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். சாம்பாரில் உப்புக் குறைந்ததற்காக நாம் மகிழ்ச்சியடைந்தது அன்றுதான்.

புறப்படும்போது, "நாளைக்கும் உள்ளே வந்து சாப்பிடுவீர்களா?" என்று சகதர்மிணி கேட்டாள்.

கிழவி விளக்குமாற்றைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அவரு கூப்பிட்டா வரேன்மா" என்று சொல்லிவிட்டுத் தெருவைப் பார்க்க நடந்தாள்.