நமுத்த அப்பளமும் ஸ்பிட்ஃபயரும்

"ரிமோட்டில் பறக்கும் போர் விமான மாதிரிகளை வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலு பேர் சண்டை விடுகிறோம். மூன்று மாதத்தில் இரண்டு முஸ்டாங், ஒரு ஸீரோ காலி. உடையாத விமானம் எதுவென்று சொல்ல முடியுமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கூடவே தான் வாங்கிய பெட்டியின் படத்தையும் அனுப்பியிருக்கிறார். முகப்பில் 'உடையவே உடையாது' என்று கொட்டை எழுத்து. பக்கவாட்டில் பொடி எழுத்தில், 'மாற்று இறக்கை தனியாகக் கிடைக்கும்'. பெட்டியில் உண்மை பேசுவது அந்தப் பொடி எழுத்துதான்.

இந்த விளையாட்டைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. யாரும் யாரையும் சுடுவதில்லை. ஒவ்வொரு விமானத்தின் வாலிலும் நீளமான காகித ரிப்பன் கட்டியிருக்கும். எதிராளியின் ரிப்பனை உங்கள் விமானத்தின் விசிறியாலோ இறக்கையாலோ அறுத்தால் புள்ளி. மாஞ்சா இல்லாத காற்றாடிச் சண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிப்பனைத் துரத்திக்கொண்டு நாலைந்து விமானங்கள் ஒரே துண்டு வானத்தில் சுற்றினால் சில நேரம் ரிப்பனுக்குப் பதில் விமானமே சிக்கும். ஆளுக்கு நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் வந்தால், மோதும் வேகம் மணிக்கு 144 கிலோமீட்டர்.

இதற்கு வரலாறும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரெஜினால்ட் டென்னி என்ற ஆங்கில நடிகர் ஹாலிவுட்டில் மாதிரி விமானக் கடை வைத்தார். அது வளர்ந்து ரேடியோபிளேன் என்ற கம்பெனியாகி, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பீரங்கிப் படையின் பயிற்சிக்கென்று ஏறத்தாழ 15,000 ரேடியோ விமானங்களைச் செய்து கொடுத்தது. எல்லாம் சுட்டு வீழ்த்தப்படுவதற்காகவே செய்தவை. அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்த நோர்மா ஜீன் என்ற பெண்தான் பிற்காலத்து மர்லின் மன்றோ. ரேடியோ விமானக் கட்டுரை எதுவும் இந்தத் தகவல் இல்லாமல் முடிவதில்லை. நானும் கடமையை முடித்துவிட்டேன்.

இனி உடைவதைப் பற்றி. 700 கிராம் மாதிரி ஒன்று நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் தரையில் மூக்கைக் குத்தினால், அதை ஏழாவது மாடியிலிருந்து கீழே போட்டதற்குச் சமம். கையில் இருப்பது 140 ஜூல் ஆற்றல். அதை எங்காவது செலவழித்தாக வேண்டும். மூக்கு ஒரு சென்டிமீட்டர் மட்டுமே நசுங்கி நின்றால் சராசரி விசை 14,000 நியூட்டன். ஒன்றரை டன்னுக்குச் சற்றுக் குறைவான பாரம் மூக்கில் உட்கார்ந்த மாதிரி. அதே மூக்கு பத்து சென்டிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால் விசை பத்தில் ஒரு பங்காகிவிடும். இடி வாங்கும் தூரத்தை நீட்டுவதில்தான் எல்லாமே இருக்கிறது. விறைப்பாக நிற்கும் விமானம் நொறுங்கும், வளைந்து கொடுப்பது வீட்டுக்கு வரும்.

சரி, எது வளையும், எது நொறுங்கும்? இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. டிவி வாங்கிய பெட்டியில் வரும் தெர்மோகோல் துண்டை எடுத்து வளையுங்கள். கொஞ்சம் அடம்பிடிக்கும், பிறகு 'டப்' என்று முறிந்து வெள்ளை மணிகளைத் தரையெல்லாம் இறைக்கும். அதே அளவு இ.பி.பி. துண்டை, அதாவது பாலிபுரொப்பிலீன் நுரையை, இரண்டு முனையும் தொடுகிற வரை மடக்கலாம். விட்டால் சோம்பல் முறித்துக்கொண்டு நிமிரும். இரண்டும் காற்று அடைத்த மணிகள்தான். இரண்டையும் அச்சில் கொட்டி நீராவி விட்டுத்தான் ஒட்ட வைக்கிறார்கள். இட்லிச் சட்டி வேலை. லிட்டருக்கு 20 கிராம் என்ற அளவில் இரண்டும் கிடைக்கின்றன. ஆனால் ஒன்று அப்பளம், இன்னொன்று நமுத்த அப்பளம்.

இது வெறும் உவமை இல்லை. பொரித்த அப்பளம் மொறுமொறுவென்று இருப்பதற்குக் காரணம், அதிலுள்ள மாவுச்சத்தின் நீண்ட மூலக்கூறுகள் அந்த வெப்பநிலையில் அசைய முடியாமல் கண்ணாடி மாதிரி உறைந்து நிற்பதுதான். மழைநாளில் டப்பாவைத் திறந்து வைத்தால் நீர் மூலக்கூறுகள் உள்ளே புகுந்து சங்கிலிகளுக்கு நடுவே இடம் பண்ணிக் கொடுக்கும். சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கத் தொடங்கும். கண்ணாடி நிலையிலிருந்து ரப்பர் நிலைக்கு மாறும் அந்த எல்லை வெப்பநிலை நம் அறையின் வெப்பநிலைக்குக் கீழே இறங்கிவிடும். இதைத்தான் நமுத்துப் போச்சு என்கிறோம். ஒவ்வொரு பிளாஸ்டிக்குக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. தெர்மோகோலின் பாலிஸ்டைரீனுக்கு அது ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ். ஆகவே நம் ஊர் வெயிலில் அது எப்போதும் பொரித்த அப்பளம்தான். பாலிபுரொப்பிலீனில் படிகமாகாத பகுதிகளுக்கு அந்த எல்லை பூஜ்யத்தை ஒட்டி, இன்னும் சொன்னால் சற்றுக் கீழேயே இருக்கிறது. நீர் எதுவும் வேண்டாம், பிறக்கும்போதே நமுத்த பொருள் அது. அடி விழுந்தால் மணிகளின் மெல்லிய சுவர்கள் மடங்கும், உள்ளே இருக்கும் காற்று அமுங்கும், பிறகு இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பும். விரிசல் ஓடுவதற்கு வழியே இல்லை.

அப்படியானால் நமுத்ததை மறுபடி மொறுமொறுப்பாக்க முடியுமா? குளிரில் முடியும். பனி விழும் நாடுகளில் ஜனவரி மாதம் இ.பி.பி. விமானத்தை எடுத்துப் பறப்பவருக்கு நாம் சொல்கிற மந்திரம் அவ்வளவாகப் பலிக்காது. நமக்கு அந்தக் கவலை இல்லை. நம் கவலை மே மாதம், கதவு சாத்திய காருக்குள் கிடக்கும் இறக்கை முறுக்கிக்கொள்வது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாம் ரகம் இருக்கிறது, இ.பி.ஓ. கடையில் அழகாக வண்ணம் பூசி, பூட்டி மாட்டினால் பறக்கிற நிலையில் வரும் ஸ்பிட்ஃபயரும் முஸ்டாங்கும் பெரும்பாலும் இந்த நுரைதான். பாலிஸ்டைரீனையும் பாலிஎதிலீனையும் கலந்து செய்வது. தெர்மோகோல் அளவுக்கு நொறுங்காது, இ.பி.பி. அளவுக்கு வளையவும் வளையாது. விளம்பரக்காரர்கள் 'உடையாது' என்று எழுதுவது இதன் தலையில்தான். வாசகரின் இரண்டு முஸ்டாங்கும் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

ஆனால் இ.பி.ஓ.வுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. போன மாதம் என்னுடைய முஸ்டாங் வேலிக்கல்லில் மூக்கைக் கொடுத்து, இரண்டு விரல் அளவு உள்ளே போய்விட்டது. மோட்டாரைக் கழற்றிவிட்டு, ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூக்கை மட்டும் முக்கிப் பிடித்தேன். அரை நிமிடத்தில் நசுங்கிய மணிகள் ஒவ்வொன்றாகப் புடைத்து மேலே வந்தன. உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிகிறது. கொதிநீரோ பாலிஸ்டைரீனின் அந்த 100 டிகிரி எல்லையை ஒட்டி நிற்கிறது. சுவர்கள் இளகிக் காற்றுக்கு வழிவிடுகின்றன. நமுத்த அப்பளத்தை மறுபடி வாட்டினால் மொறுமொறுப்பாகிறது, மொறுமொறுப்பான விமானத்தை வாட்டினால் நமுத்துப் புடைக்கிறது. உவமையை இதற்கு மேல் இழுத்தால் சாம்பாரில் போய் நிற்கும், விட்டுவிடுகிறேன். பழைய வழவழப்பு திரும்பவில்லை, மூக்கில் அம்மை போட்ட மாதிரி இருக்கிறது. அந்தப் பாத்திரத்தில் இனி பால் காய்ச்ச மாட்டோம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

வளைந்து கொடுப்பதற்கு விலையும் உண்டு. வெறும் இ.பி.பி. இறக்கையைப் போட்டு ஒரு கூரான திருப்பம் எடுத்தால் இறக்கை முனைகள் மேலே வளைந்து, சில வேகங்களில் படபடவென்று அடித்துக்கொள்ளும். அதற்காகத்தான் இறக்கைக்குள் கார்பன் குழாய் செருகி, மேலே கண்ணாடி இழை ஓடும் டேப்பை ஒட்டுகிறார்கள். விறைப்பை இழுவிசை வாங்கும் இடத்தில் மட்டும் கொடு, மற்ற இடத்தில் நுரையை நுரையாக விடு என்பதுதான் கணக்கு. டேப்பை ஆசை தீரச் சுற்றினால் எடை கூடும். எடைதான் இந்த விளையாட்டின் நிஜ எதிரி. ஒரே இறக்கையில் எடையை இரட்டித்தால், மிதந்து நிற்கவே 1.4 மடங்கு வேகம் வேண்டும். வேகத்தின் வர்க்கம் இரட்டிக்கிறது, எடையும் இரட்டிக்கிறது, தரையில் விழும்போது ஆற்றல் நாலு மடங்கு. 'பலமாகக் கட்டியிருக்கிறேன் சார்' என்று யாராவது பெருமைப்பட்டால் எனக்குப் பயமாக இருப்பது இதனால்தான். ஐரோப்பாவில் இதற்கென்றே 1:12 அளவில் பறக்கவிடும் பிரிவு உண்டு. அந்த அளவில் ஸ்பிட்ஃபயரின் இறக்கை 94 சென்டிமீட்டர் வரும். நிஜ விமானத்தின் ஏறத்தாழ 3,000 கிலோவை அதே விகிதத்தில் சுருக்கினால், அதாவது 1,728-ஆல் வகுத்தால், 1.7 கிலோ. அந்த எடையில் யாராவது பறக்கவிட்டால் நான் காருக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். பாதி எடைக்கும் கீழே கட்டத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. நுரை தப்பிவிட்டது என்பதற்காக உள்ளே இருப்பதெல்லாம் தப்பிவிட்டதாக அர்த்தமில்லை. மூக்கு நின்றாலும் பேட்டரி நிற்காது. லித்தியம் பாலிமர் பேட்டரிதான் பெரும்பாலும் விமானத்திலேயே கனமான ஒற்றைப் பொருள். கட்டு அவிழ்ந்தால் செங்கல் மாதிரி முன்னால் பாய்ந்து மோட்டாரைத் தாக்கும். குத்துப்பட்ட பேட்டரி பத்து நிமிடம் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். விழுந்த விமானத்தை உடனே காருக்குள் வைக்காதீர்கள். திறந்த வெளியில் கொஞ்ச நேரம் போட்டு வையுங்கள்.

பல போட்டிகளில் பறக்கவிடுபவர்கள் தலைக்கு ஹெல்மெட் போட்டாக வேண்டும் என்பது விதி. வேடிக்கை என்னவென்றால், சாதாரண பைக் ஹெல்மெட்டின் உள்ளே இருப்பது தெர்மோகோலின் உறவுக்கார நுரை. அது ஒரே ஒரு தடவை நொறுங்கி, ஆற்றலை விழுங்கிச் செத்துப்போக வேண்டும். திரும்பி எழுந்தால் தலையைத் தள்ளிவிடும். வானத்தில் இருப்பது வாராவாரம் எழுந்து வர வேண்டும். அங்கே அப்பளம், இங்கே நமுத்த அப்பளம்.

இனி வாசகரின் கேள்விக்கே வருகிறேன். எந்த விமானம் என்று பெயர் கேட்டிருக்கிறார். என் ஓட்டு, நட்சத்திர வடிவ எஞ்சினுக்காக மூக்கு மொத்தையாக இருக்கும் ரகங்களுக்கு: ஜெர்மனியின் ஃபோக்கே-வுல்ஃப் 190, அமெரிக்காவின் தண்டர்போல்ட், சோவியத்தின் லவோச்கின். அகன்ற மூக்கு அடியைப் பரப்பி வாங்கும். சில மாதிரிகளில் மூக்கு குட்டையாக இருப்பதால் எடைச் சமநிலைக்கு ஈயம் சேர்க்க வேண்டி வரும். அதற்குப் பதில் பேட்டரியை முன்னால் தள்ளி வைக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். முஸ்டாங்கின் வயிற்றுக்கடியில் தொங்கும் காற்றுக்கூடு சக்கரமில்லாமல் வயிற்றால் இறங்கும்போது முதலில் பெயர்ந்து போகும் உறுப்பு. சக்கரமே வேண்டாம், கையால் எறிந்து பறக்கவிடுங்கள். ஃபோக்கே-வுல்ஃபா தண்டர்போல்ட்டா என்பதைவிட, அது இ.பி.பி.யா இ.பி.ஓ.வா என்று பெட்டியில் தேடுவது முக்கியம். எழுதியில்லாவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள், 'இம்போர்ட்டட் ஃபோம் சார்' என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

காசு குறைவென்றால் தேர்தல் தட்டிகளுக்குப் பயன்படும் சன்பேக் ஷீட்டும் உண்டு. அதுவும் பாலிபுரொப்பிலீன்தான், மடங்குமே தவிர உடையாது. ஆனால் கனம், அதோடு பசை ஒட்டாது. பாலிபுரொப்பிலீன் எதையும் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளாத சாதி. மேற்பரப்பில் நெருப்பை ஒரு வீச்சு காட்டிவிட்டு ஒட்டினால் ஓரளவு பிடிக்கும். இ.பி.பி. நுரையில் இந்தத் தொல்லை குறைவு, மணிகளின் இடுக்குகளில் சூட்டுப்பசை புகுந்து பிடித்துக்கொள்ளும். தெர்மோகோலில் மட்டும் ஃபெவிகுயிக்கைத் தொடாதீர்கள். ஒட்டப் போன இடத்தில் ஓட்டைதான் மிஞ்சும்.