மிதக்காத கப்பலில் எதை இயக்குவது?

லெகோ கட்டைகளால் செய்த ஆகாயக் கப்பல் மிதக்காது. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். அமெரிக்கக் கடற்படைக்காக 1931-இல் பறக்கத் தொடங்கிய ‘ஏக்ரான்’ 239 மீட்டர் நீளம். அதன் வயிற்றில் சுமார் 1,84,000 கன மீட்டர் ஹீலியம். அதை 240-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் மேசைமேல் வைக்கத்தக்க ஒரு மீட்டர் மாதிரி கிடைக்கும். ஆனால் நீளம் 240 மடங்கு குறையும்போது கொள்ளளவு ஏறக்குறைய 1.4 கோடி மடங்கு குறைந்துவிடுகிறது. மிஞ்சுவது 13 லிட்டர் சொச்சம். ஒரு லிட்டர் ஹீலியம் தூக்குவது ஏறத்தாழ ஒரு கிராம்; எட்டுக் குமிழ் கொண்ட ஒற்றை லெகோ கட்டையோ இரண்டு கிராமுக்கு மேல். மாதிரி முழுக்க ஹீலியம் அடைத்தாலும் ஐந்தாறு கட்டைகளுக்கு மேல் தூக்காது. ஆகாயக் கப்பலின் தலையாய குணமே கைநழுவிப் போன பிறகு, மாதிரிக்கு மதிப்புத் தருவது உள்ளே ஓடும் பொறியமைப்புதான். ஆகவே உருவத்தை முதலில் வடித்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் மோட்டாரைத் திணிப்பது தலைகீழ் வேலை. எது சுழல வேண்டும், எது திரும்ப வேண்டும் என்று முடிவு செய்த பிறகே கூட்டுக்கு வடிவம் தர வேண்டும்.

எந்தக் கப்பலைத் தேர்ந்தெடுப்பது என்பதையும் இதுவே தீர்மானிக்கிறது. எல்லோருக்கும் தெரிந்தது ‘ஹிண்டன்பர்க்’. ஆனால் அதன் நான்கு டீசல் எஞ்சின்களும் கூட்டுக்கு வெளியே தனித்தனிக் கூண்டுகளில் இருந்தன. மாதிரியில் அவ்வளவு சிறிய கூண்டுக்குள் மோட்டார் அடங்காது. வயிற்றுக்குள் வைத்து, அசலில் இல்லாத தண்டுகளை வெளியே நீட்டியாக வேண்டும். ஏக்ரானில் அந்தப் பொய்க்குத் தேவையில்லை. ஹீலியம் தீப்பற்றாது என்பதால் எட்டு மேபாக் எஞ்சின்களையும் கூட்டுக்குள்ளேயே, பக்கத்துக்கு நான்காக வைத்தார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தண்டு வெளியே நீண்டு, பெவல் கியர் வழியாகப் புரொப்பெல்லரைச் சுழற்றியது. தேவைப்பட்டால் புரொப்பெல்லரைச் சாய்த்துக் கப்பலை மேலேயோ கீழேயோ தள்ளவும் முடிந்தது.

இந்தச் சாய்வுதான் மாதிரியின் உயிர்நாடி, சிக்கலும் இங்கேதான். சுழற்றும் தண்டு, சாய்வு அச்சின் நடுவழியாகவே போக வேண்டும்; இல்லாவிட்டால் சாய்த்ததும் கியர்கள் பிரிந்துவிடும். நடுவில் துளையுள்ள லெகோ சுழல்வட்டு (டர்ன்டேபிள்) அதற்கு உதவும். அதைவிட நுட்பமான தொல்லை ஒன்று உண்டு. தண்டு புரொப்பெல்லரைச் சுழற்றும்போது, அதே முறுக்கு விசை புரொப்பெல்லர் பொருத்திய முனையையும் தன்னோடு இழுக்கிறது. பிடித்து நிறுத்த ஏதுமில்லையென்றால், விசிறி சுழல்வதற்குப் பதில் முனையே புரண்டுவிடும். வார்ம் கியர் இதற்குச் சரியான பூட்டு: 24 பல் கியரை ஒரு சுற்றுச் சுற்ற அது 24 முறை சுழல வேண்டும், எதிர்த்திசையில் கியரால் அதைத் தள்ள முடியாது. அந்த வார்ம் கியரை ஒவ்வொரு முனைக்கு அருகிலும் வைப்பது நல்லது. தொலைவில் ஒன்றை மட்டும் வைத்தால், இடையிலுள்ள இணைப்புகளின் தளர்வெல்லாம் கூடி, ஒரு பக்கத்து நான்கு முனைகளும் நான்கு கோணத்தில் நிற்கும்.

அசலில் எட்டு எஞ்சின்கள். மாதிரியில் ஒரே மோட்டார் எட்டையும் ஓட்டுவது எப்படி நேர்மையாகும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. எட்டு மோட்டார் வைக்க 17 சென்டிமீட்டர் குறுக்களவில் இடமில்லை. ஆனால் அந்த ஒரே மோட்டாரின் விசையை நீளவாக்கில் கொண்டுசெல்லும் நடுத்தண்டின் வழியில் நான்கு இடங்களில் எஞ்சின் அறைகளைக் கட்டிக் காட்டலாம். நீண்ட பிளாஸ்டிக் தண்டு முறுக்கிக்கொள்ளுமே என்றால், நடுத்தண்டை வேகமாகச் சுழலவிட்டு, வேகக் குறைப்பைப் புரொப்பெல்லருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் தண்டு தாங்கும் விசை குறைந்துவிடும். வெள்ளி நிற வளைவு இல்லாமல் ஆகாயக் கப்பலா என்ற மறுப்பில் எனக்கும் பாதி உடன்பாடு உண்டு. அந்த வளைவின் அழகு உண்மையானது. ஒரு பக்கம் முழுதாகப் போர்த்தி, மறுபக்கம் சட்டகத்தைத் திறந்துவிட்டால் இரண்டும் கிடைக்கும். போர்த்திய பக்கத்தில், எஞ்சின்களுக்கு மேலே தெரிந்த கருநிறப் பட்டைகளை விட்டுவிடக் கூடாது. புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கி, எரிந்துபோன எரிபொருளின் எடையை ஈடுகட்டிய கருவிகள் அவை.

சட்டகத்துக்கும் அசலே வழி காட்டுகிறது. ஏக்ரானில் மேலே ஒன்று, கீழே இருபுறமும் இரண்டு என நீளவாக்கில் மூன்று முதுகெலும்புகள். லெகோவின் ‘டெக்னிக்’ வகைத் துளையிட்ட சட்டங்களால் அதே முக்கோணத்தைக் கட்டினால், ஒரு மீட்டர் நீளமும் நடுவில் தொய்யாமல் நிற்கும். வால்துடுப்பு விஷயத்தில் மட்டும் அசலைப் பின்பற்றக் கூடாது. ஏக்ரானின் இரட்டைக் கப்பலான ‘மேக்கன்’, 1935 பிப்ரவரியில் கலிபோர்னியக் கரையருகே பலத்த காற்றில் மேல் துடுப்பு பிய்ந்து கடலில் விழுந்தது. வடிவமைப்பு மாற்றத்தால் துடுப்பின் முன்முனை, கூட்டின் குறுக்கே அமைந்த முதன்மை வளையத்தோடு பிணைக்கப்படாமல் போயிருந்தது. முன்பே ஏற்பட்ட சேதமும் முழுதாகச் சரிசெய்யப்படவில்லை. மாதிரியில் துடுப்பை மேல்தோலின் குமிழ்களில் அழுத்தி வைப்பதோடு விடாமல், முன்முனை, பின்முனை இரண்டையும் முதன்மை வளையங்களின் துளைகளில் பின் கொடுத்து இறுக்க வேண்டும். சுக்கானை அசைக்கும் தண்டும் அவற்றில் ஒரு வளையத்தின் வழியாகவே போகட்டும்.