ஈர மண்ணிலும் செடி வாடுவது ஏன்?

செடி வாடினால் தண்ணீர் ஊற்று என்பது நம் வீடுகளில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்த பாடம். அறுபதை நெருங்கும் வரை நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கைக்கு நான் கொடுத்த விலை ஒரு குண்டுமல்லிச் செடி.

வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் என் தாயார் வளர்த்த செடியிலிருந்து பதியன் எடுத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு பெங்களூருக்குக் கொண்டுவந்தது அது. தாயார் காலமான பிறகும் பல வருஷம் மொட்டைமாடியில் பூத்தது. 2016 ஐப்பசியில் ஒருநாள் காலையில் பார்க்கிறேன், இலையெல்லாம் துவண்டு தொங்குகிறது. மனசு கேட்கவில்லை. ஒரு குடம் ஊற்றினேன். சாயங்காலம் இன்னும் மோசம். இன்னொரு குடம். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு மத்தியானமும் வந்து ஊற்றினேன். ஐந்தாம் நாள் இலை கருகியது. தொட்டியைக் கவிழ்த்தபோது வந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. அடியில் இருந்த துளையைச் செடியின் வேரும் வண்டலும் சேர்ந்து அடைத்திருந்தன. ஒரு மாத மழைநீர் முழுக்க உள்ளேயே நின்றிருக்கிறது. தாகத்தால் வாடுகிறது என்று நான் நினைத்த செடி மூழ்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். தாவரவியல் நான் கல்லூரியில் படித்ததில்லை. பாத்திர வியாபாரி. குற்றம் இருந்தால் அன்பர்கள் பொறுத்தருள்க.

இலை விறைப்பாக நிற்பது எலும்பால் அல்ல, உள்ளே இருக்கும் நீரின் அழுத்தத்தால். காற்றடித்த சைக்கிள் ட்யூப் மாதிரி. வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இலைத்துளைகள் வழியாக ஆவியாகப் போய்விடுகிறது. போகிற கணக்குக்கு வருகிற கணக்கு ஈடு கொடுக்காவிட்டால் இலை துவளும். அவ்வளவுதான் வாடல். வரவு நின்றதா, செலவு கூடியதா என்பதை இலை சொல்லாது. அதனால்தான் தாகத்தில் வாடின செடியும் வேர் அழுகி வாடின செடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன.

ஈர மண்ணில் எப்படி வரவு நிற்கும் என்று கேட்கலாம். வேரும் மூச்சு விடும் பொருள். மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்க வேண்டும். அந்த இடுக்கெல்லாம் நீர் நிறைந்துவிட்டால் பிராணவாயு உள்ளே நகருவதே கடினம். காற்றில் பரவுவதைக் காட்டிலும் நீரில் அது ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மூச்சுத் திணறின வேர் முதலில் நீரை உறிஞ்சுவதை நிறுத்தும், பிறகு சாகும். செத்த வேரைப் பித்தியம், பைட்டாப்தோரா போன்ற அழுகல் கிருமிகள் பிடித்துக்கொள்ளும். அவையும் ஈரத்தில் பெருகுகிறவை. நாம் குடம் குடமாக ஊற்றுவது அவற்றுக்கு விருந்து.

ஆகவே செடி வாடினதைப் பார்த்ததும் சொம்பை எடுக்காமல் விரலை எடுங்கள். மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விரலை விட்டுப் பாருங்கள். மேல் மண் காய்ந்து, உள்ளே சகதியாக இருப்பதுண்டு. மாறாக, மேலே நனைந்து உள்ளே பொடியாக இருப்பதும் உண்டு. தேங்காய் நார்த்தூள் அதிகம் போட்ட தொட்டி ஒருதரம் நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. ஊற்றினது ஓரமாக வழிந்து அடியில் போய்விடும். சின்னத் தொட்டியானால் தூக்கிப் பாருங்கள், கனமே சொல்லிவிடும். எடை பார்த்து வியாபாரம் பண்ணினவனுக்கு இது சுலபம்.

எந்த நேரத்தில் வாடுகிறது என்பதும் முக்கியம். உச்சி வெயிலில் துவண்டு, சாயங்காலம் தானே நிமிர்ந்தால் அது நோயல்ல. பூசணிக்கொடி தினமும் அப்படித்தான் செய்யும். விடியற்காலையில், வெயில் ஏறாத வேளையில் துவண்டு நின்றால்தான் வேரிலோ தண்டிலோ கோளாறு என்று கொள்ள வேண்டும். முந்தின நாள் கைநிறைய யூரியா போட்டிருந்தால் அதுவும் காரணமாகலாம். உப்பு மிகுந்த மண் வேரிடம் நீரை விடாது. அந்த ஒரு நோய்க்கு மட்டும் மருந்து நிறையத் தண்ணீர். அடித்துளை வழியே உப்பு கரைந்து வெளியேறுமட்டும் ஊற்றலாம்.

எதுவும் பிடிபடவில்லையென்றால் தயங்காமல் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்த்துவிட வேண்டும். நல்ல வேர் வெளுப்பாக, உறுதியாக இருக்கும். அழுகின வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு, உள்ளே நூல் மட்டும் நிற்கும். பாதி வேர் நன்றாக இருந்தாலும் பிழைக்க வைக்கலாம். அழுகினதைச் சுத்தமான கத்தியால் நீக்கி, மேலேயும் மூன்றில் ஒரு பங்கு கழித்துவிட்டு, முன்னைவிடச் சிறிய தொட்டியில் செம்மண்ணும் மணலும் மக்கின எருவும் கலந்து நட்டு நிழலில் வைக்க வேண்டும். புதுத் துளிர் வரும்வரை உரம் கூடாது. பெரிய தொட்டியில் வைப்பது தாராளம் மாதிரி தெரியும். வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி, பழைய கதையே திரும்பும்.

நான் மல்லிகையைக் கவிழ்த்தது ஐந்தாம் நாள். இரண்டாம் நாளே கவிழ்த்திருக்கலாம்.

மான்செஸ்டரில் இருக்கும் என் மகளுக்கு வேறுவிதமாக நேர்ந்தது. ஹ்யூக்கெரா என்று ஒரு செடி அங்கே வாசல் தொட்டிகளில் வைக்கிறார்கள். பூவுக்காக அல்ல, இலைக்காக. கருஞ்சிவப்பு, செம்பு, வெளிர்பச்சை என்று நிறங்கள். என் கடைப் பித்தளையும் செம்பும் வரிசையாக அடுக்கினது போலிருக்கும். பூர்வீகம் வட அமெரிக்கா. ஹொய்கர் என்ற ஜெர்மானிய மருத்துவரின் நினைவாக லின்னேயஸ் வைத்த பெயர். ஒரு ஏப்ரலில் அதன் இலைகள் திடீரென்று தொய்ந்துவிட்டன என்று போன் பண்ணினாள். விரல் வைத்துப் பாரும்மா என்றேன். ஈரம் சரியாகத்தான் இருக்குப்பா என்றாள். லேசாக அசைத்துப் பார் என்றேன். அசைத்தவுடன் செடி முழுசாகக் கையோடு வந்துவிட்டது. வேரே இல்லை!

மண்ணைக் கிளறினால், பழுப்புத் தலையும் வெள்ளை உடம்புமாக, காலில்லாமல், பிறைபோல் வளைந்த புழுக்கள். அவளுடைய செடியின் வேரை மாரிக்காலம் முழுக்கத் தின்றிருக்கின்றன. வைன் வீவில் என்ற கூன்வண்டின் குஞ்சுகள். அந்த வண்டுக்குப் பறக்கத் தெரியாது. இராத்திரியில் ஏறி இலை விளிம்பைக் கொத்திக் கொத்தித் தின்னும். அந்த நாட்டில் ஆண் வண்டே கிடையாது. ஒற்றைப் பெண் வண்டு துணையில்லாமல் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். வேரிழந்த ஹ்யூக்கெராவைத் தூக்கி எறியத் தேவையில்லை. மண்ணைக் கழுவிவிட்டு, பெரிய இலைகளை நீக்கி, அடித்தண்டைப் புது மண்ணில் கழுத்தளவு புதைத்து நிழலில் வைத்தால் சில வாரங்களில் வேர் விடும். அவளுடையது விட்டது.

ஆனால் புழுக்களை என்ன செய்வது? அங்கே நூற்புழு என்ற கண்ணுக்குத் தெரியாத புழுவைப் பொட்டலமாக விற்கிறார்கள். தண்ணீரில் கரைத்து ஊற்றினால் அது வண்டுக்குஞ்சின் உடம்புக்குள் புகுந்து கொன்றுவிடும். "அப்பா, இது ஹிம்சைதானே?" என்று மகள் கேட்டாள்.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறார். புல்லும் மரமும் தொடு உணர்வு ஒன்று மட்டும் உடையவை. எங்கள் தத்துவார்த்த சூத்திரமும் ஏறத்தாழ இதே ஏணியைத்தான் வைக்கிறது. புழு, எறும்பு, வண்டு, மனிதன் என்று ஒவ்வொரு புலனாகக் கூட்டிக்கொண்டு போகும். இந்த ஒற்றுமையைக் காட்டித்தான் வையாபுரிப்பிள்ளை தொல்காப்பியரைச் சமணர் என்றார். மறுத்தவர்களும் உண்டு. அந்த வழக்கு இருக்கட்டும். ஓரறிவைக் காக்க ஈரறிவைக் கொல்லலாமா, அதுவும் இன்னொரு ஈரறிவை ஏவிவிட்டு? சாவகர்களுக்கு, அதாவது இல்லறத்தாருக்கு, எங்கள் ஆகமம் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. வேண்டுமென்றே கொல்வது ஒன்று, உழுதுண்ணும்போதும் சமைக்கும்போதும் தவிர்க்க முடியாமல் நேர்வது ஒன்று. பொட்டலம் வாங்கி ஊற்றுவது இரண்டில் எது? "உழவன் கலப்பையில் புழு சாகும், ஆனால் அவன் புழுவைத் தேடி உழுவதில்லை" என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. அவள் பொட்டலம் வாங்கவில்லை. பொறுக்கியெடுத்துப் பறவைகள் வரும் இடத்தில் போட்டுவிட்டாளாம். அது மட்டும் என்ன என்று நான் கேட்கவில்லை.

நானும் யோக்கியன் இல்லை. மக்காத சாணத்தோடு வந்த கொழுத்த வெள்ளைப் புழுக்களை என் தொட்டியிலிருந்து எடுத்து, தெருக்கோடி எருக்குவியலில் விட்டேன். தொல்லையை ஏற்றுமதி பண்ணிட்டு வந்திருக்கீங்க என்றாள் மனைவி. இப்போது நன்றாக மக்கிய எருவைச் சலித்துத்தான் போடுகிறேன். புழு வராவிட்டால் கேள்வியும் வராது.

கடைசியாகத் தக்காளி. பெங்களூர் மாடித் தோட்டக்காரர்கள் அதிகம் அழுவது இதற்காகத்தான். காய் பிடித்துப் பச்சைப்பசேலென்று நின்ற செடி, மஞ்சளிக்காமலே இரண்டு மூன்று நாளில் முழுசாகத் துவளும். வேர் அழுகியிருக்காது, புழுவும் இராது. தண்டின் அடிப்பகுதியில் இரண்டங்குலம் வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரில் நுனி படும்படி தொங்கவிடுங்கள். சில நிமிஷத்தில் ஊதுவத்திப் புகை மாதிரி வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். தண்டுக்குள் இருக்கும் நீர்க்குழாய்களைக் கிருமி அடைத்துவிடுகிறது. 1896இல் அமெரிக்காவில் எர்வின் ஸ்மித் இந்தக் கிருமியை இனங்கண்டு எழுதினார். இன்று அதன் பெயர் ரால்ஸ்டோனியா. இதற்கு மருந்து கிடையாது. யார் எந்தப் புட்டியை விற்றாலும் வாங்காதீர்கள். நானும் ஒரு புட்டி வாங்கி ஏமாந்தவன். செடியைப் பிடுங்கிக் குப்பையில் போட வேண்டும், எருக்குழியில் அல்ல. அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எதுவும் வைக்கக் கூடாது. கிருமி வருஷக்கணக்கில் மண்ணில் கிடக்கும், மண்வெட்டியோடும் ஒழுகும் நீரோடும் அடுத்த தொட்டிக்குப் போகும். இங்கே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்க்கா ரக்ஷக் என்ற தக்காளி இதைத் தாங்கும்.

கத்தரிக்கு நம் ஊர்ச் சுண்டையே துணை. சுண்டைக்காய்ச் செடியின் வேர் இந்தக் கிருமியைப் பெரும்பாலும் தாங்கிவிடுவதால், அதன் தண்டில் கத்தரியை ஒட்டுக் கட்டுகிறார்கள். விதை மிகுந்தது என்று கத்தரியை எங்களில் சிலர் விலக்குவதுண்டு. நான் வளர்ப்பது அடுத்த வீட்டாருக்காக. தக்காளி செத்த தொட்டிகளில் இப்போது முளைக்கீரை போட்டிருக்கிறேன். புது மண்ணில் முளைக்கவைத்த சுண்டைக் கன்றுகள் நான்கு, பென்சில் கனத்துக்கு வந்துவிட்டன. அடுத்த மாதம் ஒட்டுக் கட்ட வேண்டும்.