உங்களுக்குத் தெரியுமா? ஒட்டுக்கட்டத் தெரிந்தால் பிழைக்கலாம்

மலாக்காவின் உம்பாய் என்றதும் எல்லாருக்கும் ஈக்கான் பாக்கார் கடைகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் முதன்முதலில் பயிரானதும் இதே மலாக்கா மாநிலத்தில்தான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்பவர் நட்டார். அதுவரை அவர் குடும்பத்துக்கு மரவள்ளிதான் பயிர்.

அவருக்கு விதை வந்தது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவிலிருந்து. அங்கே 1877-இல் வந்து இறங்கியவை வெறும் 22 ரப்பர் கன்றுகள்!

பின்னாளில் தோட்டங்களில் நிரை நிரையாக நின்ற ஆர்.ஆர்.ஐ.எம். 600 ரகப் பால்மரங்கள் அத்தனையும் ஒரே தாய்மரத்தின் கண்ணிலிருந்து ஒட்டுக்கட்டிப் பெருக்கியவை. நாற்றுமேடையில் நாள் முழுக்கக் குனிந்து அந்த வேலையைச் செய்தவர்களில் நம் தாத்தா பாட்டிகள் ஏராளம். அந்தக் கைத்திறனுக்கு யாரும் அவர்களிடம் ஒரு சான்றிதழ் நீட்டியதில்லை.

எப்படி ஒட்டுக்கட்டுவது? கன்றின் தண்டில் தோலை மட்டும் கீறி, நாக்குப் போல ஒரு பட்டையைத் தூக்க வேண்டும். உள்ளே பளபளக்கும் ஈரத்தில் விரல் படக்கூடாது. நல்ல மரத்துக் கண்ணைப் பட்டையோடு பெயர்த்து அதில் செருகி, பிளாஸ்டிக் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் மழைநீர் இறங்காது. மூன்று வாரம் கழித்துப் பிரித்து, நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் பிடித்துவிட்டது. கறுத்திருந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

டுரியானுக்கும் இதே கைவேலைதான். விதைபோட்டு வளர்த்த மரம் என்ன ருசியில் காய்க்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏழெட்டு ஆண்டுக்கு மேல் காத்திருக்கவும் வேண்டும். ஒட்டுக்கன்று நாலைந்து ஆண்டிலேயே காய்க்கும். 1993-இல் டி197 என்று பதிவான முசாங் கிங் கன்றுக்கு இருக்கும் கிராக்கி ஊரறிந்தது.

பப்பாளிக்கு வேறு நுட்பம்: வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டி 1987-இல் வெளியிட்ட எக்சோத்திக்கா பப்பாளியைக் குழிக்கு மூன்று கன்றாக நட்டு, பூ வந்தபின் இருபால் பூ பூக்கும் ஒன்றை மட்டும் விட்டுவைப்பார்கள். நீண்ட, விலைபோகும் பழம் அதில்தான் கிடைக்கும்.

நிலமில்லாமைதான் தோட்டத்துப் பிள்ளைகளின் பெரிய குறை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அதனால்தான். ஆனால் கன்று வளர்க்க ஏக்கர் கணக்கில் நிலம் தேவையில்லை. வீட்டுப் பின்புறமும் நிழல்வலையும் போதும். மிளகாயும் அப்படியே: பாலிபேக்கில் தேங்காய் நார்த்தூளை நிரப்பி, சொட்டுக்குழாயில் உரநீர் விட்டால் சுமார் மூன்று மாதத்தில் பறிக்கத் தொடங்கலாம். எங்கள் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் பிறந்த இளையோருக்கு இதைவிடக் கைக்கெட்டும் தொழில் எனக்குத் தெரியவில்லை.

படிக்க இடம்? 1931-இல் செர்டாங்கில் வேளாண் பள்ளியாகத் தொடங்கியதுதான் இன்றைய புத்ரா பல்கலைக்கழகம். படிப்பில் பின்தங்கியவர்களுக்கும் வழி உண்டு: மலேசியத் திறன் சான்றிதழ் கைவேலையைப் பார்த்துத்தான் கொடுக்கப்படுகிறது.

எஸ்.பி.எம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் மகனோ மகளோ உங்களுக்கு உண்டா? அடுத்த வாரமே ஜாசின் மாவட்ட விவசாய அலுவலகத்துக்கு அழைத்துப் போய், என்னென்ன பயிற்சி இருக்கிறது என்று கேளுங்கள். ஒட்டுக்கட்டத் தெரிந்த பாட்டி இன்னும் வீட்டில் இருந்தால், முதல் பாடத்தை அவரிடமே தொடங்குங்கள்.