பெரியண்ணனும் சின்னண்ணனும்

மதுக்கரை வழியாகச் சென்னைக்கு ஓடும் ரயில்கள் சேலத்தைத் தாண்டி, ஜோலார்ப்பேட்டைக்குச் சற்று முன்னதாகத் திருப்பத்தூரைக் கடந்து செல்கின்றன. அவ்வழியே பிரயாணம் செய்தவர்களில் பலர் ஜன்னலில் கையை நீட்டிக் காப்பி வாங்கியிருப்பார்களேயன்றி, அவ்வூருக்கு ஒரு சரித்திரம் உண்டென்று எண்ணியிருக்க மாட்டார்கள். கிறிஸ்துகுல ஆசிரமத்தைப் பற்றி அறியும் வரையில் நானும் அவ்வாறே இருந்தவன்தான்.

சென்ற மாதம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "ஸார், கிறிஸ்தவம் வெள்ளைக்காரர் மதம்தானே?" என்று கேட்டான். வாயால் பிழைக்கும் உபாத்தியாயருக்குப் பிரசங்கம் செய்வது கஷ்டமன்று. ஆயினும் நான் பிரசங்கம் செய்யவில்லை. இரண்டு மனிதர்களைப் பற்றிச் சொன்னேன்.

ஒருவர் சவரிராயன் ஏசுதாசன், தமிழர், சீமைக்குச் சென்று வைத்தியம் பயின்றவர். மற்றவர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன், ஸ்காத்லாந்துக்காரர், அவரும் டாக்டரே. கம்பளி நூல் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய குடும்பத்துப் பிள்ளை. இவ்விருவரும் 1921-ம் ஆண்டில் திருப்பத்தூரில் ஆசிரமத்தைத் தொடங்கினர். விவாகம் செய்து கொள்ளவில்லை. கதர் உடுத்தி, நம்மவரைப் போலவே எளிய வாழ்க்கை நடத்தி, சுற்றுப்புறக் கிராமத்து ஏழைகளுக்குச் சிகிச்சை செய்து வந்தனர். அங்கே எழுந்த ஜெபாலயத்திற்குக் கூரிய ஊசிக் கோபுரம் இல்லை. நம் ஆலயங்களைப் போன்ற கோபுரமே உண்டு.

ஆசிரமத்தில் ஏசுதாசனைப் 'பெரியண்ணன்' என்றும், பேட்டனைச் 'சின்னண்ணன்' என்றும் அழைத்தார்கள். இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். 1921 எத்தகைய காலம் என்று சற்றே சிந்தித்துப் பாருங்கள். வெள்ளைக்காரர் எதிரே வந்தால் பெரிய உத்தியோகஸ்தர்களும் ஒதுங்கி நின்ற காலம் அது. மிஷன் பங்களாக்களிலுங்கூட வெள்ளையர் மேலே, இந்தியர் கீழே என்ற வரிசைதான் பெரும்பாலும் வழக்கத்தில் இருந்தது. அந்நாளில், ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவர் ஒரு தமிழருக்குத் தம்பியாக இருக்க இசைந்தார்!

1932-ம் ஆண்டில் அதற்கும் சோதனை வந்தது. சென்னையில் அன்னியத் துணிக் கடைகளின் முன் மறியல் நடந்து வந்த சமயம். கதர் உடையுடன் வீதியில் நின்ற பேட்டனைப் போலீஸார் தடியால் அடித்தார்கள். சாயத் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். கைது செய்து வழக்கும் தொடுத்தார்கள். நூல் ஆலைக் குடும்பத்தில் பிறந்தவர், கைராட்டை நூலை உடுத்தியதற்காக அடிபட்டார். பின்னர் வழக்கு வாபஸாயிற்று. லண்டன் பார்லிமெண்டிலும் கேள்வி எழுந்தது. தினந்தோறும் அடிபட்ட நம்மவர்களுக்காக அங்கே அவ்வளவு பேர் எழுந்து கேட்டார்களா என்பது வேறு விஷயம்.

பையன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "சின்னண்ணன் என்று அவரை நேரிலேயே கூப்பிடுவார்களா, ஸார்?" என்றான்.

"நேரிலேயேதான்" என்றேன்.