தூக்க நோய் மருந்து கம்பெனியில் குழுப் பணத்தைப் போடலாமா?



எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பகுதி குழுக் கூட்டங்களில் ஒரு கேள்வி வருகிறது. "அக்கா, தூக்க வியாதிக்குப் புது மருந்து வருதாம். அந்தக் கம்பெனி பங்கு வாங்கினா பணம் ரெட்டிப்பாகும்னு போன்ல மெசேஜ் வந்திருக்கு. குழு சேமிப்புல இருந்து கொஞ்சம் போடலாமா?" இதற்குப் பதில் சொல்வதற்கு முன் நோயையும், மருந்தையும், பங்கையும் தனித்தனியாகப் புரிந்து கொள்வோம்.

அது என்ன நோய்?

இதன் பெயர் நார்கோலெப்சி. இரவில் தூங்கினாலும் பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும். பேசிக் கொண்டிருக்கும்போதே கண் செருகும். சிலருக்கு வாய்விட்டுச் சிரித்தால், கோபப்பட்டால் முழங்கால் துவண்டு கீழே விழுவார்கள். ஆனால் நினைவு இருக்கும். தூக்கத்தில் கை கால் அசைக்க முடியாமல் போவதும் உண்டு. நம் ஊரில் இதை 'அமுக்குவான் பேய்' என்பார்கள். (எப்போதாவது ஒருமுறை இப்படி வருவது பலருக்கும் உண்டு. அதற்காகப் பயப்பட வேண்டாம்.)

மூளையில் நம்மை விழிப்பாக வைத்திருக்க ஓரெக்சின் என்ற பொருள் சுரக்கிறது. அதைச் சுரக்கும் செல்கள் அழிந்து போவதுதான் முக்கியக் காரணம் என்று 2000-ம் ஆண்டு வாக்கில் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதில் இது தொடங்குகிறது. 'தூங்குமூஞ்சி', 'சோம்பேறி' என்று திட்டி, படிப்பை நிறுத்தி விடாதீர்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மருந்து இருக்கிறதா?

இருக்கிறது. நோயை முழுதாகக் குணமாக்காது, கட்டுப்படுத்தும். மோடாஃபினில் என்ற மாத்திரை அமெரிக்காவில் 1998-ல் அனுமதி பெற்றது. நம் நாட்டில் சன் பார்மா உட்பட சில கம்பெனிகள் இதை விற்கின்றன. இதை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. நைட் ஷிப்ட், லாரி ஓட்டும் வேலை என்று சொல்லி வீட்டு ஆண்கள் கேட்டாலும் வாங்கித் தராதீர்கள். கர்ப்பத்தடை மாத்திரையின் பலனை இது குறைக்கும் என்பதையும் பெண்கள் தெரிந்து கொள்ள வேண்டும்.

நல்ல மருந்து என்றால் நல்ல லாபம்தானே?

இங்கேதான் ஏமாறுகிறோம். மருந்து நல்லதாக இருப்பது வேறு, பங்கில் போட்ட பணம் பத்திரமாக இருப்பது வேறு.

முதலாவது, சோதனையில் தோல்வி. பத்து படகு கடலுக்குப் போனால் பத்தும் நிறைய மீனோடு திரும்புவதில்லை. மனிதர்களிடம் சோதனைக்கு வரும் மருந்துகளில் பத்தில் ஒன்றுதான் கடைக்கு வருகிறது. ஜப்பானின் டகேடா கம்பெனி நார்கோலெப்சிக்கு ஒரு புது மருந்தைச் சோதித்தது. கல்லீரலுக்குப் பாதிப்பு வரலாம் என்று தெரிந்ததும் 2021 அக்டோபரில் அந்தச் சோதனைகளை நிறுத்தியது. அதே கம்பெனியின் அடுத்த மருந்து நல்ல பலன் தந்ததாக 2025-ல் அறிவித்தது. எது ஜெயிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது.

இரண்டாவது, வழக்கு. மோடாஃபினிலை முதலில் விற்ற செஃபலான் என்ற அமெரிக்க கம்பெனி, விலை குறைந்த மாத்திரைகள் வராமல் தடுக்க நான்கு கம்பெனிகளுக்குப் பணம் கொடுத்தது என்று அமெரிக்க அரசு அமைப்பு 2008-ல் வழக்குப் போட்டது. அந்த நான்கில் நம் நாட்டின் ரான்பாக்ஸியும் ஒன்று. செஃபலானை வாங்கியிருந்த டேவா கம்பெனி, 2015-ல் இழப்பீட்டுக்காக 120 கோடி டாலர் ஒதுக்க ஒப்புக் கொண்டது. நோயாளிகள் பல வருடம் அதிக விலை கொடுத்ததுதான் அந்த லாபம்.

மூன்றாவது, கம்பெனியே விழுவது. நம் பக்கத்து உதாரணம் ஆர்க்கிட். சென்னையில் 1992-ல் தொடங்கி, ஆலத்தூரில் பெரிய ஆலை கட்டிய கம்பெனி. அது செய்வது தூக்க மருந்து இல்லை, கிருமிக்கொல்லி மருந்து. 2008 மார்ச்சில் ஒரே நாளில் அதன் பங்கு விலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. கடன் ஏறி 2017-ல் திவால் வழக்குக்குப் போனது. 2020-ல் வேறு கம்பெனி எடுத்துக் கொண்டது. பழைய பங்குதாரர்களுக்கு மிஞ்சியது மிகச் சிறிய பங்குதான். ஆலை நின்றது, மருந்தும் விற்றது. போட்டவர் பணம்தான் கரைந்தது.

இன்னொன்று: சன் பார்மா போன்ற கம்பெனி நூற்றுக்கணக்கான மருந்துகள் விற்கிறது. அதன் பங்கை வாங்குவது தூக்க நோய் மருந்தில் பணம் போடுவது ஆகாது. டகேடா பங்கோ நம் ஊர்ச் சந்தையில் விற்பதே இல்லை.

அப்போ நாம் என்ன செய்வது?

• குழு சேமிப்பைப் பங்கில் போடவே கூடாது. அது உள்கடனுக்கான பணம். 10,000 ரூபாயை நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் உறுப்பினருக்குக் கொடுத்தால் வருடத்துக்கு 1,200 ரூபாய் குழுவுக்கே வருகிறது. ஒருத்தி வீட்டு அவசரமும் தீர்கிறது.

• வங்கி வைப்புக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. பங்குக்கு அப்படி எதுவும் கிடையாது.

• பங்கு வாங்க ஆசை இருந்தால் சொந்தப் பணத்தில் மட்டும் வாங்குங்கள். கடன் வாங்கியோ, நகை அடகு வைத்தோ வேண்டாம். போனாலும் அடுப்பு எரியும் என்ற அளவு மட்டும் போடுங்கள்.

• செபியில் பதிவு செய்த தரகர் மூலமாக, உங்கள் பெயரில் உள்ள டிமேட் கணக்கில்தான் வாங்க வேண்டும். தனி ஆள் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

• "உறுதியான லாபம்" என்று சொன்னாலே அது மோசடி என்று எடுத்துக் கொள்ளுங்கள். போனில் ஏமாந்து விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 எண்ணுக்குச் சொல்லுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் திரும்புவது கஷ்டம்.

ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, 'குழு சேமிப்பு பங்குச் சந்தைக்குப் போகாது' என்று தீர்மான நோட்டில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். வாராவாரம் மீன் கூடையிலும் இட்லிக் கடையிலும் மிச்சம் பிடித்த பணம் அது.